முதலில் பறவை, பிறகு படம்

(மண்ணூர்பேட்டையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயற்கையையும் காட்டுயிர்களையும் படமெடுப்பவர்களுக்கு எப்படிக் கருத்துச் சொல்வது என்பதை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘எப்படிப் படமெடுப்பது என்று பேசினால் இன்னும் கொஞ்சம் பேர் வருவார்களே’ என்று அமைப்பாளர்களில் ஒருவர் கேட்டார். வந்திருப்பார்கள்தான். ஆனால் படமெடுக்கச் சொல்லிக்கொடுக்க இன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. எடுத்த படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, எடுத்தவருக்கு உதவும்படி நாலு வாக்கியம் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கொரட்டூர் ஏரி, இன்னும் கொஞ்சம் போனால் அம்பத்தூர் ஏரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைமேல் நடந்தால் நீளமான லென்ஸோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். பக்கத்துத் தொழிற்பேட்டையான எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வருபவர்கள் உண்டு, கல்லூரி மாணவர்கள் உண்டு, ஓய்வுபெற்றவர்கள் உண்டு. நாமக்கோழி, தாழைக்கோழி, நீர்க்காகம், மீன்கொத்தி என்று பலதையும் எடுக்கிறார்கள். எடுத்ததை நாலு பேரிடம் காட்டுகிறார்கள். தெரிந்தவர்கள் ‘அருமை’ என்கிறார்கள். தங்களைவிடப் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் ‘ஷார்ப்னெஸ் பத்தலை’ என்கிறார். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடுகிறது.

எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் உள்ள கோளாறு சட்டென்று புரியும். லேத்தில் கடைந்த பாகத்தைக் கையில் வாங்கும் இன்ஸ்பெக்டர் ‘நன்றாக இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவதில்லை. துளை எத்தனை மைக்ரான் பெரிதாகிவிட்டது என்று அளந்து எழுதுகிறார். அதைப் பார்த்தால்தான் டூலை மாற்றுவதா, ஆஃப்செட்டைத் திருத்துவதா என்று ஆபரேட்டர் முடிவு செய்ய முடியும். ‘சூப்பர்’ என்று எழுதி அனுப்பினாலும் அவருக்கு ஒன்றுதான், ‘மோசம்’ என்று எழுதி அனுப்பினாலும் ஒன்றுதான். ஆனால் இன்ஸ்பெக்டரிடம் ஒரு டிராயிங் இருக்கிறது. அதை வைத்து அளக்கிறார். பறவைப் படத்துக்கு டிராயிங் எது? அந்தப் பறவைதான். அது எப்படி வாழ்கிறது, அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியாதவர் எதை வைத்து அளப்பார்? இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான உதாரணங்கள்.

இலைக்கோழியை எடுத்துக்கொள்வோம். ஆம்பல் இலைமேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கும் பறவை. பின்னால் சின்னச் சின்னக் குஞ்சுகள் ஓடிவரும். இந்தக் காட்சிக்கு யார் தலைப்பு வைத்தாலும் ‘தாய்ப்பாசம்’ என்றுதான் வைப்பார்கள். ஆனால் குஞ்சுகளோடு திரிவது அப்பா. நீளவால் இலைக்கோழியில் பெண் பறவை பெரும்பாலும் நான்கு முட்டைகளை இட்டு ஆணிடம் விட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை நடத்திச் செல்வதும் ஆணின் பொறுப்பு. இலைக்கோழி இனங்கள் சிலவற்றில் ஆபத்து வந்தால் ஆண் தன் குஞ்சுகளைச் சிறகுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும். அப்போது வயிற்றுக்குக் கீழே குஞ்சுகளின் கால்கள் கொத்தாகத் தொங்கும். பறவையைத் தெரியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்திருக்கிறார்கள் என்று ஒதுக்கிவிடக்கூடும்.

‘தாய்ப்பாசம்’ என்று எழுதிக்கொண்டு வரும் பையனிடம் என்ன சொல்வது? ஃபோகஸ் கண்ணில் இருக்கிறதா, இடப்பக்கம் இடம் விட்டிருக்கிறானா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘இது அப்பா, தம்பி’ என்று சொன்னால் போதும். அடுத்த வாரம் அவன் பெண் பறவையைத் தேடிக்கொண்டு போவான். அது எங்கே இருக்கிறது, எத்தனை ஆண்களோடு சேர்கிறது என்று பார்க்க ஆரம்பிப்பான். படம் தானாக மாறும்.

இன்னொன்று தூக்கணாங்குருவி. ஏரிக்கரைப் பனைமரங்களில் கூடு கட்டும். ஆண் கூட்டைப் பாதிவரை கட்டிவிட்டு, அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து பார்த்து அதற்குப் பிடித்திருந்தால்தான் ஆண் மீதியைக் கட்டி, கீழே நீண்ட குழாய் வாசலை இறக்கும். பிடிக்காமல் கைவிடப்பட்ட பாதிக் கூடுகள் அதே ஓலையில் தொங்கிக்கொண்டிருக்கும். பலர் என்ன செய்கிறார்கள் என்றால், மஞ்சள் தலை ஆணை மட்டும் இறுக்கமாக க்ராப் செய்து, பின்னால் பச்சையாக மங்கலாக்கிக் கொண்டுவருகிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குருவியின் கதை முழுவதும் வெட்டி எறிந்த பகுதியில் இருக்கிறது. அதனால் எந்தப் படத்தைப் பற்றியும் கருத்துச் சொல்வதற்கு முன் நான் கேட்பது, ‘க்ராப் செய்யாததைக் காட்டுங்கள்’ என்பதுதான். பாதிப் பேர் கூச்சப்பட்டுக்கொண்டு காட்டுவார்கள். அந்தக் கூச்சம் எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உயிரின் கதையை வெட்டாமல் காட்டும் பார்வைக்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய முன்னோடி இருந்தார். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; 1912இல் பிறந்தவர், மயிலாப்பூர்க்காரர். கல்கத்தாவிலிருந்து வந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய தன் இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்தார். கிருஷ்ணன் எடுத்ததெல்லாம் கருப்பு வெள்ளைப் படங்கள். கேமராவைக்கூடப் பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தன் வசதிக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1970களில் வெளியிட்டது. அந்த ஆய்வுக்கு அவருடைய படங்கள் சான்றுகள். ஒரு யானைக் கூட்டம் எப்படி நிற்கிறது, குட்டி யாருக்கு நடுவில் இருக்கிறது, என்ன தின்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும் என்பது அவருக்கு முக்கியம். இன்றைய போட்டி ஒன்றுக்கு அவற்றில் சிலவற்றைப் பெயரில்லாமல் அனுப்பினால் ‘குறுக்கே கிளை’ என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலிருந்து வந்தவர் பெங்களூரின் டி. என். ஏ. பெருமாள். 1932இல் பிறந்து 2017இல் மறைந்தவர். ஓ. சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்த கலைஞரிடம் தொழில் கற்றவர். பன்னாட்டுக் கண்காட்சிகளில் இந்தியக் காட்டுயிர்ப் படத்துக்கு ஒரு மதிப்பை உண்டாக்கியவர்களில் ஒருவர்; ஒளி, பின்னணி, அச்சு எல்லாவற்றிலும் துல்லியம் பார்ப்பவர். தான் எட்வர்ட்ஸிடம் கற்றதுபோலவே பிற்காலத்தில் இளையவர்கள் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கிருஷ்ணன் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய படங்களும் எழுத்தும் ‘ஐ இன் தி ஜங்கிள்’ என்ற ஆங்கில நூலாக வந்தபோது, ஆஷிஷ் சாந்தோலா, சாந்தி சாந்தோலா ஆகியோருடன் பெருமாளும் தொகுப்பில் பங்கேற்றார். போட்டிக் கூடத்தின் கண்ணும் காட்டின் கண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்த தருணமாக அந்த நூலை நான் மதிக்கிறேன்.

நம் நகரத்தில் இந்த இரண்டு கண்களும் தனித்தனி வீடுகளில் குடியிருக்கின்றன. மெட்ராஸ் ஒளிப்படச் சங்கம் தன் தொடக்கத்தை 1857இல் வைக்கிறது. மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் 1978இல் தொடங்கியது. படம் எடுப்பவர் தன் படத்தை முதல் வகையாரிடம் மட்டும் காட்டினால் ஹிஸ்டோகிராம் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டாம் வகையாரிடம் மட்டும் காட்டினால் ‘இது எந்தக் குளத்தில், எந்த மாதம்’ என்று கேட்டுவிட்டுப் படத்தையே பார்க்காமல் போய்விடுவார்கள். இருவரிடமும் காட்டுங்கள் என்பதுதான் நான் தரக்கூடிய மிக மலிவான ஆலோசனை.

போட்டி விதிகளும் உண்மையில் இந்த இரண்டு கண்களையும்தான் கேட்கின்றன. படித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பும், அமெரிக்க ஒளிப்படச் சங்கமும், இங்கிலாந்தின் ராயல் ஒளிப்படச் சங்கமும் சேர்ந்து 2014இல் இயற்கைப் படத்துக்கு ஒரு பொது வரையறை வகுத்தன. விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்தால் படத்திலிருப்பது எது என்று அடையாளம் காண வேண்டும், நேர்மையாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அழகைவிடப் படம் சொல்லும் செய்திக்கு அதிக மதிப்பு. க்ராப் செய்யலாம்; ஆனால் படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது. உயிரினத்தின் நலன் படத்தைவிடப் பெரிது. நல்ல விதிகள். ஆனால் தேர்வுக் கூடத்தில் ஒரு படம் திரையில் நிற்பது சில விநாடிகள். நடுவர் ஒரு எண்ணை அழுத்துகிறார். அடுத்த படம் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வரும் கடிதத்தில் ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை என்பதைத் தவிர ஒரு சொல்லும் இருக்காது. பதக்கம் வாங்கியவருக்கும் எதற்காக வாங்கினோம் என்று தெரியாது.

விலங்கைத் தெரியாத கண் எவ்வளவு தூரம் ஏமாறும் என்பதற்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியே சாட்சி. 2009இல் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் படமாகத் தேர்வானது, இரவில் ஒரு ஓநாய் மரக்கதவைத் தாண்டிக் குதிக்கும் காட்சி. ஸ்பெயினைச் சேர்ந்தவர் எடுத்தது. காட்டு ஓநாய் இப்படிக் குதிக்காது, இடைவெளி வழியாக நுழைந்து போய்விடும் என்று ஓநாய்களை அறிந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். 2017 போட்டியில் பிரிவுப் பரிசு வென்ற பிரேசில் படம் ஒன்றில், மினுங்கும் பூச்சிகள் நிறைந்த கரையான் புற்றை ஓர் எறும்புத்தின்னி நெருங்கிக்கொண்டிருந்தது. அது பாடம் செய்து வைக்கப்பட்ட விலங்கு என்று உடல் அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்த நிபுணர்கள் சொன்னார்கள். 2018இல் அந்தப் பரிசும் போயிற்று. எடுத்தவர்கள் இருவரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். நடுவர்கள் ஒளியையும் அமைப்பையும் பார்த்தபோது தப்பித்த படங்கள், விலங்கை அறிந்தவர்களிடம் மாட்டிக்கொண்டன.

இப்படிச் சொல்வதால் தொழில்நுட்பம் தேவையில்லை என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறையைச் சொல்லும்போது அதன் காரணம்வரை போக வேண்டும். ‘ஷார்ப்னெஸ் பத்தலை’ என்பதையே பாருங்கள். வெயில் ஏறிய பிறகு ஏரியின்மேல் காற்று சூடாகி அலையாடத் தொடங்கும். அந்த அலையின் ஊடாகத் தொலைவிலுள்ள நாமக்கோழியை எடுத்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸிலும் கூர்மை வராது. காரணம் சொல்லாமல் குறையை மட்டும் கேட்டவர் கடன் வாங்கி லென்ஸ் மாற்றுவார். ‘விடிந்ததும் வாருங்கள், கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், பறவை கிட்டே வரும்வரை உட்கார்ந்திருங்கள்’ என்று கேட்டவருக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

வெள்ளைக் கொக்கு இன்னொரு தலைவலி. இருண்ட நீர்ப் பின்னணியில் சின்னதாக நிற்கும்போது கேமரா முழுக் காட்சியையும் கணக்கெடுத்து ஒளியைக் கூட்டிவிடும். பறவை சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். ‘ஒரு ஸ்டாப் குறையுங்கள்’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொன்னால் இன்னும் நன்றாக மனத்தில் நிற்கும். இனப்பெருக்க காலத்தில் கொக்கின் முதுகில் முளைக்கும் மெல்லிய இழையிறகுகளுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகம் முழுவதும் கொக்குகளைக் கொன்று குவித்தார்கள். ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளில் அவை செருகப்பட்டன. அந்த இழைகள் தெரியாமல் வெந்துபோன வெள்ளைக்கு, அந்த மாதத்தில் அந்தக் கொக்கை எடுத்ததற்கான காரணமே போய்விட்டது. கூர்மையைக் கூட்டிக் கூட்டி இறகின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட வைப்பதும், புள்ளிகளை நீக்கி நீக்கி இறகை பிளாஸ்டிக் ஆக்குவதும் இதே ரகம்.

இந்தப் பகுதியில் படமெடுப்பவர்களுக்கு வரும் சிக்கல் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஏரிகளைச் சுற்றி அடுக்குமாடி, உயர் அழுத்த மின்கம்பி, பிளாஸ்டிக் பை, மிதக்கும் தெர்மாகோல். தெர்மாகோல்மேல் நின்று மீன் பார்க்கும் மடையானை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தெர்மாகோலைப் பாறையாக்கிவிடுகிறார்கள். கூழைக்கடா பறக்கும் படத்தில் கம்பிகளை ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். ‘பேக்ரவுண்ட் டிஸ்டர்பன்ஸ்’ என்று நாம் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பழக்கம் வந்தது. விதிப்படி அழிப்பது தவறு என்பது ஒருபுறம். மனிதர்களோடு வாழப் பழகிய கூகை, நாரை போன்ற உயிர்களின் படத்தில் கட்டடம் கதையின் அங்கமாக வரலாம் என்று அதே விதி இடம் தருகிறது என்பது இன்னொருபுறம். 2021இல் லண்டன் போட்டியின் இளையோர் பரிசை வென்ற பெங்களூர்ச் சிறுவன் வித்யுன் ஹெப்பாருக்கு அப்போது பத்து வயது. சுவர் இடுக்கில் கூடாரம்போல் வலை பின்னியிருந்த சிலந்திக்குப் பின்னணியாக அவனுக்குக் கிடைத்தது தெருவில் போன ஆட்டோ. அதன் நிறங்கள் மங்கலாகப் பின்னால் ஒளிர, அந்த வலை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. அவனிடம் யாராவது ‘காட்டுக்குப் போய் எடு’ என்று சொல்லியிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது.

ஆகவே கம்பியை அழித்துக்கொண்டு வருபவரிடம் ‘கம்பியோடு இன்னொரு முறை எடுங்கள், இந்த முறை கம்பியும் பறவையும் சேர்ந்து தெரியட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். கொரட்டூர் ஏரியில் கழிவு நீர் கலக்கும் பிரச்சினை பசுமைத் தீர்ப்பாயம்வரை போன ஒன்று. அந்த நீரில் நிற்கும் பறவையின் படத்தில் நீரின் நிறத்தைத் திருத்தி நீலமாக்குவது எனக்கு அழகுணர்ச்சிப் பிரச்சினையாகத் தெரியவில்லை.

இனி, கருத்துச் சொல்பவர் உண்மையிலேயே திண்டாடும் இடம். படம் மிக அழகு; எடுத்த விதம் தவறு. கூட்டைச் சுற்றியுள்ள இலைகளை விலக்கிக் குஞ்சுகளை எடுத்தது. செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்தது. தவளையைப் பிடித்துச் செடிமேல் வைத்தது. ஆந்தைமேல் இரவில் மாறி மாறி ஃபிளாஷ் அடித்தது. இவற்றை எப்படி விமர்சிப்பது?

பழைய வரலாற்றை நினைவில் வைக்க வேண்டும். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் திரையரங்குத் தொழில் நடத்திய லோக் வான் தோ, பறவையியலாளர் சாலிம் அலியின் நண்பர். மறைவிடம் கட்டி, கூட்டருகே காத்திருந்து அவர் எடுத்த பறவைப் படங்கள் இன்றும் வியக்க வைப்பவை. 1957இல் அவருடைய நூல் வந்தது. அக்காலத்தில் பறவையைக் கிட்டத்தில் எடுக்கக் கூட்டைவிட்டால் வழி குறைவு. படமெடுப்பவர்களும் மிகச் சிலர். இன்று ஒரு கூடு இருக்கும் இடம் தெரிந்தால் மறுநாளே ஒரு கும்பல் வந்து நிற்கிறது. அன்றைய நியாயத்தை இன்றைக்குக் கொண்டுவர முடியாது. சட்டமும் மாறியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற வரையறைக்குள்ளேயே காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதைச் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி வேண்டாம், இலையை விலக்கிய விரல்கள் போதும்.

இத்தகைய படத்தின் ஃபோகஸைப் பற்றியோ ஒளியைப் பற்றியோ நான் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பாராட்டுவதும் இல்லை. ‘எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம் நின்றீர்கள், அந்த இலை முன்பு எங்கே இருந்தது?’ என்று கேட்பேன். புதிதாக வந்தவர்கள் பலர் தெரியாமல் செய்கிறார்கள். அவர்களைச் சபையில் வைத்துத் திட்டினால் கேமராவை மூட்டை கட்டுவார்கள், அல்லது அடுத்த முறை பொய் சொல்வார்கள். நடக்கப்போவதை நேராகச் சொல்ல வேண்டும்: மறைப்பு போனதும் வெயில் நேரே குஞ்சுமேல் விழும், தாய் வர அஞ்சும், காகமும் செண்பகமும் வாசலைக் கண்டுகொள்ளும். தெரிந்தே செய்பவர் விஷயம் வேறு. அவர் எவ்வளவு மூத்தவரானாலும் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். இதில் சில நண்பர்களுக்கு என்னோடு உடன்பாடில்லை. ‘கலையைக் கலையாகப் பாருங்கள்’ என்பார்கள். கூட்டில் கிடக்கும் குஞ்சுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மூத்தவர் என்றதும் நம் சபைகளின் பழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ‘சார்’ எடுத்த படத்தை யாரும் குறை சொல்வதில்லை. புதுப்பையன் எடுத்ததை எல்லோரும் குறை சொல்வார்கள். ஏரிக்கரைக்கு வரும் பெண்களுக்கு இன்னொரு அனுபவம்: அவர்கள் எடுத்த படத்தைப் பற்றிப் பேசாமல், ‘தனியாவா வந்தீங்க?’ என்றுதான் விசாரிப்பு தொடங்கும். இதற்கு உபதேசம் உதவாது. படத்தில் பெயர் போடாமல் காட்டுவது உதவும். கேமரா, லென்ஸ் விவரங்களையும் மறைத்துவிட்டால் இன்னும் நல்லது. பாதிக் கருத்துகள் அதோடு வாயடைத்துப்போகும்.

பேச்சு போதும். இந்த ஊர் நண்பர்கள் தாங்கள் எடுத்த படங்கள் சிலவற்றைப் பெயர் இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திரையில் வரும். எடுத்தவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கடைசிவரை அவர் பேசக்கூடாது. முதலில் இது எந்த உயிர், என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், பக்கத்தில் தெரிந்தவர் இருப்பார். அது முடிந்த பிறகுதான் படத்தைப் பற்றிப் பேச்சு. அதிலும் ‘அடுத்த முறை எங்கே நின்று, எப்போது, என்ன மாற்றினால்’ என்று முடியாத கருத்தை நான் ஏற்கப்போவதில்லை. ‘அருமை’ என்று சொல்பவர் எது அருமை என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். முன்வரிசையில் இருக்கும் ஐயா, அந்த விளக்கை அணைத்துவிடுகிறீர்களா? முதல் படம், தாழைக்கோழி என்று நினைக்கிறேன். நீங்களே சொல்லுங்கள்.